தூங்க இடம் கேட்டவன்

வந்தியத்தேவனாக யார் நடிப்பது என்ற கேள்விக்குத் தமிழர்கள் செலவழித்த நேரத்தில் இன்னொரு கல்லணை கட்டியிருக்கலாம். 1958-ல் எம்.ஜி.ஆர். 'பொன்னியின் செல்வன்' படத்தை அறிவித்தார். மணிரத்னத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ம் தேதி திரைக்கு வந்தது. நடுவில் 64 வருஷம். இவ்வளவு காலம் இழுத்த வழக்கு தஞ்சாவூர் ஜில்லா கோர்ட்டில்கூட இருக்காது.

படம் வந்து, 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகமும் வந்து போன பிறகும் தீர்ப்பு வந்தபாடில்லை. கும்பகோணம் பக்கம் போய், நாவலைப் படித்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "கார்த்தி நல்லாத்தான் பண்ணியிருந்தார் சார். இருந்தாலும்..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த 'இருந்தாலும்' எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த வாரம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. எம்.ஜி.ஆர். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து உரிமை வாங்கினார் என்பார்கள். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, ஜெமினி கணேசன் என்று பட்டாளமே அறிவிக்கப்பட்டது. திரைக்கதை எழுதுவதற்குக் கல்லூரி முடித்து வந்த ஓர் இளைஞரைப் பிடித்துப் போட்டார். அந்த இளைஞர்தான் பிற்பாடு 'முள்ளும் மலரும்' எடுத்த மகேந்திரன். 1959-ல் சீர்காழியில் 'இன்பக் கனவு' நாடக மேடையில் சக நடிகர் குண்டுமணியைத் தூக்கும்போது எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்தது. சோழ நாட்டுக் கதையை எடுக்க நினைத்தவருக்குச் சோழ நாட்டு மேடையிலேயே இப்படி ஆனது. படம் தொடங்கவே இல்லை.

அப்புறம் கமல்ஹாசன். 2022 செப்டம்பரில் நடந்த பாடல் வெளியீட்டு விழாவில் அவரே சொன்ன சம்பவம் இது. வந்தியத்தேவன் வேஷத்தின் மேல் அவருக்கு ஆசை. சிவாஜியிடம் பேச்செடுத்தபோது, வந்தியத்தேவனுக்கு ரஜினியைப் போடு என்று சொல்லிவிட்டாராம். அப்போ நான்? நீ அருள்மொழி! அதே மேடையில் ரஜினி ஒன்று சொன்னார். ஒரு பத்திரிகையில் வாசகர் கேள்விக்குப் பதிலாக ஜெயலலிதா, வந்தியத்தேவனுக்குப் பொருத்தம் ரஜினிகாந்த் என்று எழுதியிருந்தாராம். யார்ரா இந்த வந்தியத்தேவன் என்று தெரிந்துகொள்ளத்தான் புத்தகத்தையே கையில் எடுத்தாராம். படிக்கும்போது நந்தினியாக அவர் மனதில் வந்தவர் இந்தி நடிகை ரேகா. 'படையப்பா' நீலாம்பரிக்கு விதையே நந்தினிதான் என்றும் சொன்னார். ஒரு நடிகர், தான் நடிக்காத நாவலிலிருந்து ஒரு வில்லியைத் தன் படத்துக்குக் கடத்திக்கொண்டு போன கதை இது. எனக்கு மிகவும் பிடித்தது.

2011 வாக்கில் மணிரத்னம் மறுபடி முயன்றபோது விஜய் வந்தியத்தேவன், மகேஷ் பாபு அருள்மொழி என்று ஊரே பேசியது. பட்ஜெட் இடித்தது. நின்றது. கடைசியில் கார்த்தி, விக்ரம், அன்றைய ஜெயம் ரவி (இன்றைய ரவி மோகன்), ஐஸ்வர்யா ராய், த்ரிஷா.

இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல், விஜய் என்று எல்லோருமே அந்தந்தக் காலத்தின் முதல் வரிசை. வந்தியத்தேவன் யார் என்று ஒருவரிடம் கேட்டால், அவர் முதல்முதலாகப் புத்தகத்தைப் படித்த வருஷத்தில் யார் படத்துக்கு முதல் நாள் டிக்கெட் கிடைக்கவில்லையோ அந்தப் பெயரைச் சொல்வார். ஆளைச் சொன்னால் வயசைச் சொல்லிவிடலாம். ஒரே வீட்டில் தாத்தா எம்.ஜி.ஆர். என்பார், அப்பா ரஜினி என்பார், பேத்தி மூன்றாவதாக ஒரு பெயர் சொல்வாள். மூவர் கையிலும் அதே ஐந்து பாகம். 1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு மலிவுப் பதிப்புகள் மளிகைக் கடை தவிர எல்லா இடத்திலும் கிடைத்ததால் சண்டை இன்னும் சூடானது.

சினிமாவுக்கு முன்னால் முகம் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். ஓவியர் மணியம். 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடர் ஆரம்பித்து மூன்றரை வருஷம் ஓடியது. வாராவாரம் மணியத்தின் படம். இலங்கைக்கெல்லாம் கல்கி அவரை உடன் அழைத்துப் போனார். நந்தினியின் கொண்டை மணியம் போட்டது. வந்தியத்தேவனின் தலைப்பாகை மணியம் போட்டது. பிறகு வினு, பத்மவாசன், மணியத்தின் மகன் மணியம் செல்வன் என்று யார் வரைந்தாலும் அந்த முதல் கோட்டுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆக, 1950-களில் வாசித்தவர்களுக்கு ஆள் தேர்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது. அவர்கள் தேடியது மணியம் ஜாடையில் ஒரு நடிகரை.

ஜெயராஜ் வரைந்த கணேஷ்–வசந்துக்கும் இதே கதிதான். சுஜாதாவின் 'காயத்ரி' 1977-ல் படமானபோது கணேஷ் ஆனவர் ஜெய்சங்கர். அடுத்த வருஷமே 'ப்ரியா'வில் கணேஷ் ரஜினிகாந்த். நாவலில் லண்டன், படத்தில் சிங்கப்பூர். வாசகர்கள் இரண்டையும் ஏற்கவில்லை. கணேஷ் கோர்ட்டில் வாதாடுகிறவன், யோசிக்கிறவன். ஸ்டார் வந்தால் யோசிப்பதற்கு நேரம் இருக்காது, பாட்டு வந்துவிடும்.

எதிர் உதாரணமும் இதே காவிரிக் கரையில் இருக்கிறது. கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்'. படங்கள் கோபுலு. 1968-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்தபோது சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி வந்தார். அத்தோடு பேச்சு முடிந்தது. இன்றைக்கு அந்த நாவலைப் படிப்பவருக்கு வேறு முகம் வராது. நாகஸ்வரம் வாசிக்கிற கர்வக்காரன், காதலிலும் ரோஷம் பார்க்கிறவன் என்று பாத்திரம் கெட்டியாக இருந்தது. கெட்டியான பாத்திரத்தில் பெரிய நடிகர் உட்காரலாம்.

வந்தியத்தேவன் அப்படி இல்லை. அங்கேதான் சிக்கல். (சிக்கல் ஊரைச் சொல்லவில்லை.)

சரித்திரத்தில் இவனைப் பற்றி இருப்பது கொஞ்சமே கொஞ்சம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று பெயர் வருகிறது. பெரிய கோயிலைக் கட்டியவனின் அத்திம்பேர். கல்வெட்டில் மனைவியைச் சொல்லும் இடத்தில்தான் கணவன் வருகிறான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கல்கி ஐந்து பாகத்துக்கு ஓடுகிற ஆளைச் செய்தார்.

எப்படிச் செய்தார்? 'பொன்னியின் செல்வனை'ச் சரித்திர நாவல் என்று நூலகத்தில் அடுக்கி வைக்கிறோம். படிக்கும்போது அது த்ரில்லர். மூடு பல்லக்கில் யார், அரண்மனையில் என்ன சதி, கொலை எப்போது, கொன்றது யார்? ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்று காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் என்ற பெயர்கள் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அதைப் படித்துச் சண்டை போடுகிறார்கள். கல்கியும் கொலை நடந்த இருட்டில் விளக்கைச் சரியாக ஏற்றவில்லை. நாவல் முடிந்த பிறகு வாசகர்களின் கேள்விகளுக்கு முடிவுரை எழுதித் தப்பித்தார்.

அந்த த்ரில்லரின் எஞ்சின் வந்தியத்தேவன். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் களைத்த குதிரையோடு வருகிறான். (இன்றைய வீராணம். 2004 முதல் அந்தத் தண்ணீர் சென்னைக்கு வருகிறது. ஆகவே மயிலாப்பூரில் குழாயைத் திறக்கும்போது கதையின் முதல் அத்தியாயம்தான் கொட்டுகிறது.) காஞ்சியிலிருந்து ஓலை கொண்டு போகிறான். வேலை அவ்வளவுதான், தபால்காரன் வேலை. ராத்திரி தூங்க ஓர் இடம் வேண்டும். நண்பன் கந்தமாறனின் வீடு கடம்பூரில் இருக்கிறது. அங்கே போகிறான். நடுராத்திரியில் தூக்கம் கலைகிறது. சதிக் கூட்டம் நடப்பதைப் பார்த்துவிடுகிறான். பார்க்கப் போனவன் அல்ல, தூங்கப் போனவன்.

இதை மறக்காதீர்கள். அந்த ராத்திரியில் அவனுக்கு என்ன தெரியுமோ அதுதான் நமக்கும் தெரியும். அவன் குழம்பினால் நாமும் குழம்புகிறோம். முதல் பாகத்தின் பெரும்பகுதியில் இதுதான் நடக்கிறது. அதற்கப்புறமும் அவன் அடிக்கடி மாட்டிக்கொள்கிறான். தஞ்சாவூரில் சின்னப் பழுவேட்டரையரின் சந்தேகத்தில் மாட்டுகிறான். யாரோ கந்தமாறனைக் குத்த, பழி இவன் மேல் விழுகிறது. கடலில் விழுந்து பூங்குழலியால் பிழைக்கிறான். எரிகிற கப்பலிலிருந்து அருள்மொழி வந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கடைசியில் கரிகாலன் கொலைப் பழியும் இவன் தலையில் விழுந்து பாதாளச் சிறை. ஒரு ஹீரோவை இத்தனை பேர் காப்பாற்றிய கதை தமிழில் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். எம்.ஜி.ஆரை நடுக்கடலில் கதாநாயகி காப்பாற்றியிருந்தால் மதுரையில் திரை கிழிந்திருக்கும்.

இப்போது படத்துக்கு வருவோம். படத்தில் ஆதித்த கரிகாலன் தன் நண்பனைக் கடம்பூருக்கே அனுப்புகிறான். அங்கே ஏதோ சதி நடக்கிறது போலிருக்கிறது, என்னவென்று பார், உண்மையாக இருந்தால் அப்பாவிடமும் தங்கையிடமும் போய்ச் சொல் என்று. போர்க்களம், கமலின் குரலில் முன்கதை, பிறகு இந்தக் கட்டளை. மூன்று மணி நேரத்தில் கதையை எடுத்துச் செல்ல வேண்டிய டைரக்டருக்கு இது சௌகரியம், புரிகிறது. ஆனால் அந்த ஒரு மாற்றத்தில் ஆளே மாறிவிட்டான். தூங்க இடம் கேட்டுப் போனவன் உளவு பார்க்கப் போனவன் ஆனான். நாவலில் தற்செயலாகக் கண்டதைப் படத்தில் உத்தியோகமாகக் காண்கிறான். கடம்பூர் கோட்டைக்குள் நுழையும்போதே சதி இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். நாவலின் முதல் பெரிய திடுக்கிடல், படத்தில் நாம் காத்திருந்து பார்க்கிற காட்சி ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால், கும்பகோணத்து 'இருந்தாலும்' இங்கேதான் பிறக்கிறது. அது கார்த்தியின் முகத்தைப் பற்றிய புகார் இல்லை. யார் நடிப்பது என்று 64 வருஷம் சண்டை போட்ட நாம், கதையை யார் கண் வழியாகப் பார்க்கப் போகிறோம் என்று கேட்கவில்லை. பத்திரிகைகள் கேட்கவில்லை, ரசிகர்கள் கேட்கவில்லை.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. லீ சைல்டின் ஜாக் ரீச்சர் ஆறடி ஐந்து அங்குலம். 2012-ல் அந்த வேஷத்தில் டாம் க்ரூஸ் வந்தபோது வாசகர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து ஆலன் ரிச்சன் என்கிற மலை மாதிரி மனிதரைப் போட்டு டி.வி. தொடர் எடுத்த பிறகுதான் சமாதானம். இயான் ஃப்ளெமிங் ஜேம்ஸ் பாண்டுக்கு மனதில் வைத்திருந்தது ஹோகி கார்மைக்கேல் என்ற பாடகரின் ஜாடை. ஷான் கானரியைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவர், படம் ஓடியதும் 1964-ல் வெளியான நாவலில் பாண்டுக்கு ஒரு ஸ்காட்லாந்து அப்பாவைச் சேர்த்தார். கானரி ஸ்காட்லாந்துக்காரர். எழுத்தாளர் உயிரோடு இருந்தால் இந்த வசதி உண்டு. கல்கி தொடரை முடித்த அதே 1954-ன் டிசம்பரில் காலமாகிவிட்டார்.

ரீச்சருக்கு உயரம் முக்கியம், ஏனென்றால் அவன் அடிக்கிறவன். பாண்டுக்கு மிடுக்கு முக்கியம், ஏனென்றால் அவன் அனுப்பப்படுகிறவன். வந்தியத்தேவனுக்கு வாய், அவசரம், பசி, கொஞ்சம் அசட்டுத்தனம். இந்த நாலும்தான் முக்கியம். இந்த நாலும் கார்த்தியிடம் இருக்கின்றன. பெரிய ஸ்டார்களிடம் முதல் மூன்று கிடைக்கும், நாலாவதை அவர்கள் ரசிகர் மன்றம் அனுமதிக்காது. ஜெயராமின் ஆழ்வார்க்கடியானோடு வாய்ச்சண்டை போடும்போதும், த்ரிஷாவின் குந்தவை முன்னால் வார்த்தை தடுமாறும்போதும் கார்த்தி தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளவில்லை. கதை தன்னுடையது இல்லை என்று தெரிந்த ஆளாகவே நிற்கிறார். எழுதிக் கொடுத்தது உளவாளி; அவர் நடித்தது தபால்காரன். படத்தில் கல்கி மிச்சமிருப்பது பெரும்பாலும் இந்த முரண்பாட்டில்தான்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. விக்ரமின் கரிகாலன் நாவலில் இருப்பதைவிட ஒரு பிடி அதிகம், அது லாபம். ஐஸ்வர்யா ராய் நந்தினி பற்றி இரண்டு கட்சி உண்டு. முகம் மும்பை, குரல் தீபா வெங்கட். கேட்கும்போது ஒட்டத்தான் செய்கிறது. பெரிய பழுவேட்டரையர் வேஷத்தை ரஜினி கேட்டும் மணிரத்னம் கொடுக்கவில்லையாம், சரத்குமார் செய்தார். கொடுக்காதது நல்லது. ரஜினி ஒரு காட்சியில் வந்தாலும் அது ரஜினி படம்.

'அருள்மொழி'யைப் படத்தில் 'அருண்மொழி' என்றதற்குச் சிலர் கொதித்தார்கள். தமிழ் இலக்கணப்படி ளகரத்துக்குப் பின்னால் மகரம் வந்தால் அது ணகரம் ஆகும். அருண்மொழி சரி. ஆனால் கல்கி எழுதியது அருள்மொழிவர்மர். வீட்டுக் குழந்தைக்கு அருள்மொழி என்று பெயர் வைத்த தஞ்சாவூர்க்காரர்களிடம் போய்ப் புணர்ச்சி விதி பேசினால் காபி கிடைக்காது.

அவர்களுக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. படத்தின் பெரும்பகுதி தாய்லாந்திலும் ஹைதராபாத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் எடுக்கப்பட்டது. "எங்க ஊர்க் கதை, எங்க ஊர் ஆறு எங்கே சார்?" நியாயமான கேள்விதான். ஆனால் ஆடிப் பதினெட்டுக்கு ஆறு நிறைந்திருப்பது இப்போது மேட்டூரின் கையில் இருக்கிறது. ஜூன் 12-ல் அணை திறந்தால் குறுவைக்கும் தண்ணீர், பெருக்குக்கும் தண்ணீர். திறக்காத வருஷங்களில் காதோலை கருகமணியைக் குழாயடியில் வைத்துக் கும்பிட்டவர்கள் உண்டு. மயிலாடுதுறை பக்கம் புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்த கல்கி சிறு வயதில் பார்த்தது, 1934-ல் மேட்டூர் வருவதற்கு முந்தைய காவிரி. கர்நாடகத்தில் மழை என்றால் இங்கே வெள்ளம். முதல் பாகத்துக்குப் 'புது வெள்ளம்' என்று பெயர் வைத்தவர், அந்த நுரையைக் கண்ணால் பார்த்தவர். காவிரிக்கு டூப் போடுவது ஹீரோவுக்கு டூப் போடுவதைவிடக் கஷ்டம். 'பொன்னி நதி' பாட்டில் ரஹ்மான் முடிந்த மட்டும் ஈடுகட்டினார்.

கடைசியாக ஒன்று. இன்னும் நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடலாம், 70 வருஷ அவகாசம் கொடுத்தாகிவிட்டது. தஞ்சைக் கோட்டைக்கு வெளியே ஒரு நந்தவனம். அங்கே வாய் பேசாத அம்மாவோடு ஒரு பையன். தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுப்பதும் தேவாரம் பாடுவதும் அவன் வேலை. பெயர் சேந்தன் அமுதன். வந்தியத்தேவன் தஞ்சாவூரில் தங்குவதும் இவன் குடிசையில்தான், மறுபடியும் தூங்க இடம். ஐந்தாம் பாகத்தில் சோழ சாம்ராஜ்யத்தின் கிரீடம் இந்தப் பூக்காரப் பையன் தலையில் ஏறுகிறது. உண்மையான மதுராந்தகன் அவன்தான். ஐந்து பாகமும் நம் கண் முன்னால் பூ கட்டிக்கொண்டிருந்தவனை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. தமிழ் த்ரில்லரில் இதைவிட சாமர்த்தியமாக ஒளித்து வைத்த ஆள் இல்லை.

படத்தில் இந்தத் திருப்பமே கிடையாது. மதுராந்தகனாக வந்த ரகுமானே உத்தம சோழராக முடிசூடிக்கொள்கிறார். சேந்தன் அமுதனாக அஷ்வின் ககுமானு வந்தார், போனார். அந்த வேஷத்துக்கு யார் என்று 64 வருஷத்தில் எந்த டீக்கடையிலும் சண்டை நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.